முப்பத்தொரு வாளிகளும் சிவப்புப் பேனாவும்

நான் கொரிய எழுத்துகளைப் படித்தது பஸ்ஸில்தான். டூட்டிங்கில் ஏறி, விம்பிள்டன் தாண்டி, நியூ மால்டனில் இறங்கும்வரை மேல்தட்டில் முன் இருக்கை எனக்கு. மடியில் எழுத ஒரு கொப்பி, அதன்மேல் கழுவித் துடைத்த ஒரு வெறும் நூடில்ஸ் பக்கெட். எண்பதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது தாண்டியிருந்தது.

வேலை ஒன்பது மணிக்கு. நான் ஏழுக்கே பஸ் ஏறிவிடுவேன். ஒரு பஸ் பழுதானால் அடுத்தது, அதுவும் பழுதானால் அதற்கடுத்தது என்று எனக்குள் ஒரு கணக்கு. கதவைப் பூட்டிய பிறகு காஸ் அடுப்பை நிறுத்தினேனா என்று இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கும் அதற்குள் நேரம் ஒதுக்கியிருந்தேன். இப்படிப் பயந்து பயந்து வாழ்கிறவள் முன்பின் தெரியாத ஒரு மொழிக்குள் எப்படிக் கால் வைத்தாள் என்று என் தங்கை இன்றைக்கும் கேட்பாள். பயத்தால்தான் வைத்தேன். வாசிக்கத் தெரியாத எழுத்துகளுக்கு நடுவே நாள் முழுக்க நிற்பது, அவற்றைப் படிப்பதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

கடை ஒரு கொரிய மளிகைக் கடை. அந்த நாட்களில் நியூ மால்டனில் கொரியக் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குடியேறிக்கொண்டிருந்தன. என் கணவர் வேலை செய்த பெற்றோல் ஷெட்டுக்கு வான் கொண்டுவரும் கொரியர் ஒருவர், மரக்கறி வெட்ட ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இவர் என் பெயரைச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன் என்பது இவருக்குத் தெரியும்.

கடையை நடத்தியவர் அந்தக் கொரியரின் மனைவி. என் வயதுக்காரி. வருகிறவர்கள் அவரை ‘சாஜாங்னிம்’ என்பார்கள். முதலாளி என்பதை மரியாதையோடு சொல்லும் சொல். நானும் அப்படியே கூப்பிட்டேன். எங்கள் இருவரின் ஆங்கிலமும் நொண்டி. அவர் என்னோடு பேசியதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். உண்மையில் அது பாதி ஆங்கிலம், கால் கொரியன், மிச்சம் கை.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். அம்மா படுக்கையில் விழுந்தார், வீட்டில் மூத்தவள் நான், பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. லண்டனுக்கு வந்தபின் கவுன்சில் நடத்திய இலவச ஆங்கில வகுப்புக்குப் போனேன். மூன்றாம் நாள் டீச்சர் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார். டொய்லெட்டுக்குப் போவதாகச் சொல்லி வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. என் குடை இன்னும் அங்கேதான் கிடக்கும்.

ஆகவே கொரியன் படிக்கிறேன் என்று தெரிந்தபோது என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஆங்கிலம் படியும் எண்டால் குடையையும் விட்டிட்டு ஓடி வந்தனீர். இப்ப கொரியனோ?”

“கடையிலை ஒருத்தரும் எழும்பி வாசி எண்டு சொல்லேல்லை.”

“ஏன், ஜப்பானும் சேத்துப் படியுமன். பக்கத்திலைதானே.”

“சிரியுங்கோ. நல்லாச் சிரியுங்கோ” என்றேன். கொப்பியை மூடவில்லை.

பக்கெட்டுகளில் ஒரு பக்கம் கொரியனும் மறு பக்கம் ஆங்கிலமும் இருக்கும். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கொரியனைத் திறந்தேன். முதலில் ஒரு மெய், பக்கத்திலோ கீழேயோ ஓர் உயிர், தேவையென்றால் அடியில் இன்னொரு மெய். எல்லாவற்றையும் ஒரு கட்டத்துக்குள் அடுக்கினால் ஓர் அசை. இது எனக்கு அந்நியமாகப் படவே இல்லை. உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று இரண்டாம் வகுப்பில் படித்ததை யார் மறந்தார்கள்? அதைவிட ஒன்று. ‘கல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் ஒரே ‘க’வை நாம் இரண்டு விதமாக ஒலிக்கிறோம். யாரும் நமக்கு அதைச் சொல்லித் தருவதில்லை. நாக்குக்கே தெரியும். கொரியனிலும் அதே மாதிரி. ஒரே எழுத்து சொல்லின் தலையில் வன்மையாகவும் நடுவில் மென்மையாகவும் ஒலிக்கும். உப்புப் பையில் இருந்த ‘சோகும்’ என்ற சொல்லை நான் சரியாக வாசித்தபோது சாஜாங்னிம் திரும்பிப் பார்த்தார்.

கடையில் ஒரு பிள்ளை “அப்பா” என்று தகப்பனைக் கூப்பிட்டு அழுததைக் கேட்டு முதல் நாள் நானும் எல்லோரையும்போல ஆச்சரியப்பட்டேன். மிளகாய்க்கு ‘கொச்சு’ என்றார்கள். எங்கள் ஊர்க் கொச்சிக்காய் நினைவுக்கு வந்தது. ஆனால் நாலு சொல் ஒத்துப்போவதை வைத்து நாற்பது சொல்லைப் படிக்காமல் இருக்க முடியாது. எனக்கு உண்மையில் கைகொடுத்தது சொல்லின் வால். நாங்கள் ‘இரு’ என்பதை ‘இருங்கோ’ என்று ஆக்குவதுபோல, அவர்கள் கடைசியில் ஒரு ‘யோ’ சேர்த்தால் மரியாதை வந்துவிடும். சேர்க்காமல் விட்டால் முகம் மாறிவிடும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருத்திக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விளக்க வேண்டியிருந்தவை வேறு. முதல் கிழமை ஒரு வாடிக்கையாளரிடம் பையை வலக்கையால் நீட்டினேன். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அப்படித்தானே மரியாதை. அவர் போனதும் சாஜாங்னிம் என் முதுகுப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

“பின்னாலை என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?”

“ஒண்டுமில்லை. இடக்கை. அது கூடாது.”

“இங்கை ரெண்டு கையும் வேணும். ஒரு கையாலை குடுத்தால் நாய்க்குப் போடுற மாதிரி.”

அன்றைக்கு முழுக்க இரண்டு கையாலும் கொடுத்துப் பழகினேன். இடக்கை ஒவ்வொரு தடவையும் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தது.

ஐப்பசி மாதம் சாஜாங்னிம் ஒரு செய்தி சொன்னார். சியோலில் அவருடைய தாய்க்கு அறுபது நிறைகிறது. அவர்களுக்கு அது பெரிய விழா. பிள்ளைகள் எல்லோரும் போய் விழுந்து கும்பிட வேண்டும். கொரியப் புதுவருஷம் முடிந்ததும் புறப்பட்டு மூன்று மாதம் அங்கே நிற்கப் போகிறார். கணவருக்கு வான் ஓட்டமே சரி. கவுன்டரில் நிற்க ஒரு ஆள் வேண்டும்.

“அதுக்குள்ளை நீர் வாசிச்சு, எழுதி, ஆக்களோடை கதைக்கப் பழகினால் நீர்தான். இல்லாட்டி ஒரு கொரிய மாணவியைப் போடுவன். அவள் வந்தால் பின்னறையிலை இப்ப இருக்கிற மாதிரி கிழமைக்கு ரெண்டு நாள்தான் உமக்கு.”

பின்னறை என்றால் ஒரு மேசை, ஒரு கத்தி, முள்ளங்கி. நாள் முழுக்க யாரும் பேச மாட்டார்கள். வீட்டுக்குப் போனாலும் இவர் ஷிப்டில் இருப்பார். அந்த வருஷம் நான் ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை வார்த்தை பேசினேன் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கவுன்டர் எனக்கு வேண்டும். வேலைக்காக மட்டும் இல்லை. வாசிக்கச் சொன்னதும் ஓடிப்போனவள் ஒரு மொழியை முன்னால் நின்று வாசிக்கிறாள் என்பதை நானே பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அன்று பஸ்ஸில் கொப்பியின் முதல் பக்கத்தில் ‘தை மாதத்துக்குள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

கார்த்திகையில் கிம்ஜாங் வந்தது. குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சி ஊறுகாயை ஊரே கூடி ஒரேயடியாகப் போட்டு வைக்கும் வழக்கம் அது. லண்டனில் ஊர் ஏது? கடையின் பின்முற்றம்தான் ஊர். நீளக் கோவா, முட்டைக்கோஸில் ஒரு வகை, அவர்கள் ‘பெச்சு’ என்பது, லொறியில் வந்து மலைபோலக் குவிந்தது. முதல் நாள் பிளந்து உப்புப் போட்டு வைத்தோம். மறுநாள் கழுவி, வடியவிட்டு, இலை இலையாக விரித்து மிளகாய்க் கூழ் தடவ ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். ரப்பர் கையுறை, தலையில் துணி, வாயில் ஓயாத கதை. உட்கார்ந்ததும் முதல் கேள்வி என் வயது. யாரை எப்படிக் கூப்பிடுவது என்பது வயது தெரிந்தால்தான் அவர்களுக்கு முடிவாகும்.

“முப்பத்திரண்டு.”

“அது உங்கடை கணக்கு. எங்கடை கணக்கிலை முப்பத்திமூண்டு” என்றார் ஒருவர். “பிறக்கேக்கையே ஒண்டு. தாயின்ரை வயித்திலை சும்மாவோ இருந்தனீர்?”

“புதுவருஷம் வரட்டும். இன்னுமொண்டு போட்டு முப்பத்திநாலாக்கி விடுறம்” என்றார் மற்றவர். எல்லோரும் சிரித்தார்கள். வேலைக்கு நடுவே கோவாவின் இளங்குருத்தைக் கிள்ளி, கூழில் தோய்த்து, சுருட்டி, பக்கத்திலிருப்பவர் வாயில் ஊட்டிவிடுவார்கள். எனக்கும் ஊட்டினார்கள். நல்லவேளை வெள்ளிக்கிழமை இல்லை, உள்ளே உப்பிட்ட இறால் இருந்தது.

பின்னேரம் முப்பத்தொரு வாளிகள் மூடி போட்டு நின்றன. ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுக்காரரின் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். பட்டியல் மேசையில் இருந்தது. சாஜாங்னிம் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“நான் எழுதட்டே?” என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “பிழையில்லாமல்?”

“பிழையில்லாமல்.”

“சரி, எழுதும். நான் கொஞ்சம் படுக்கிறன்.”

மேசையில் இரண்டு தடித்த பேனாக்கள் இருந்தன. கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று. கறுப்பைக் கையில் எடுத்தேன். மூடியைக் கழற்றிய பிறகு மனம் ஒப்பவில்லை. ஒரு குடும்பம் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடப் போகிற சாப்பாடு. புதுவருஷம் வரப்போகிறது. அதில் வீட்டுத் தலைவரின் பெயரைக் கறுப்பில் எழுதுவதா? எங்கள் ஊரில் கறுப்புக் கட்டத்துக்குள் பெயர் வந்தால் அது மரண அறிவித்தல். நல்ல காரியத்துக்கு ஓலை எழுதினால் மூலையில் மஞ்சள், எழுத்து சிவப்பு, நெற்றியில் குங்குமம். ஒன்றுக்குப் பத்துத் தடவை யோசிக்கிற நான், அன்றும் பத்துத் தடவை யோசித்துத்தான் சிவப்பை எடுத்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுதினேன். பட்டியலோடு மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கோடுகூடப் பிழையில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய எதுவும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், இவருக்கு அந்தப் பெயர்களில் நாலைந்தைப் பேப்பரில் எழுதிக் காட்டினேன். “இதென்ன, வீட்டுப் பிளான் கீறின மாதிரி” என்றார். ஆனாலும் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை முதலாவதாக வந்தவர் ஒரு பச்சைக் கோட்டுப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். அவருடைய வாளியை நானே தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் கையை நீட்டினார், பெயரைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார். சுட்டதுபோல. எனக்கு விளங்காத ஒரு வாக்கியத்தைச் சொன்னார். பிறகு வாளியை வாங்காமலே வெளியே போய்விட்டார். கதவு மணி ஆடிக்கொண்டிருந்தது.

சாஜாங்னிம் ஓடி வந்தார். வாளியைப் பார்த்தார். பின்னறைக்குப் போய் மற்ற முப்பதையும் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இரத்தமில்லை.

“இவ்வளவு பேரும் செத்துப் போச்சினமோ?”

எனக்கு விளங்கவில்லை.

“சிவப்பிலை செத்த ஆக்களின்ரை பேரைத்தான் எழுதுறது. உயிரோடை இருக்கிற ஆளின்ரை பேரைச் சிவப்பிலை எழுதினால், சா எண்டு சொல்லுற மாதிரி. அவவின்ரை மனுசன் ஆஸ்பத்திரியிலை. வியாழக்கிழமை நெஞ்சிலை ஒப்பரேஷன். தெரியுமோ?”

தெரியாது. எனக்கு ஒன்றுமே தெரியாது. எழுத்து தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“கவுன்டர்க் கதை இனி வேண்டாம்” என்றார். “மாணவிக்குச் சொல்லுறன். குறை நினைக்காதையும். இது கடை.”

பின்னறைக்குப் போய் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழக்கமான என் பயங்களுக்கெல்லாம் ஒரு ஒழுங்கு உண்டு. அடுப்பு, பூட்டு, பஸ், விசா பற்றி வரும் ஹோம் ஒபிஸ் கடிதம் என்று வரிசையாக வரும். இது அந்த வரிசையிலேயே இல்லை. அந்த மனிதருக்கு வியாழக்கிழமை ஏதாவது நடந்தால்? ஒப்பரேஷன் செய்வது டொக்டர், பேனா இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? என் கை எழுதிய பெயர்.

ஆங்கில வகுப்பில் செய்ததுபோல டொய்லெட் என்று சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம். கோட்டைக்கூட எடுத்தேன். பிறகு அதைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒரு வாளி வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு வந்தேன். முப்பத்தொரு துண்டுகளையும் உரித்தேன். பசை போகும்வரை தேய்த்தேன். புதுத் துண்டுகளை ஒட்டி, கறுப்புப் பேனாவை எடுத்தேன்.

அந்தக் கறுப்பில் எழுதுவது எனக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் “பிள்ளையாரே, இது அவையின்ரை முறை” என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் பேனாவை வைத்தேன். பச்சைக் கோட்டுப் பெண்மணியின் கணவர் பெயரை எழுதும்போது முதல் கோடு வளைந்துவிட்டது. அந்தத் துண்டைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

“நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்” என்றேன் சாஜாங்னிமிடம்.

“வேண்டாம். நான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டிட்டன்.”

“எழுதினது நான்தானே. அட்ரஸ் தாங்கோ.”

“அங்கை போய் என்ன சொல்லப்போறீர்? உமக்கு வசனம் வருமோ?”

“எழுதிக்கொண்டு போறன். நீங்கள் திருத்தித் தாங்கோ.”

ஐந்து வசனம். கொப்பியில் நான் எழுதியதை அவர் வாசித்தார். மூன்று இடத்தில் திருத்தினார். நாலாவது வசனத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். அட்ரஸை எழுதித் தந்தார்.

வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, வாசம் அதைப் பொருட்படுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார், பின்னால் இருந்தவர் ஜன்னலைத் திறந்தார். வேறொரு நாள் என்றால் வெட்கத்தில் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கியிருப்பேன். அன்று வசனங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கதவைத் திறந்தது அந்தப் பெண்மணிதான். நான் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினேன். அதற்கு யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வாளியைக் கீழே வைத்து, இடுப்பு வளையக் குனிந்து, தொடங்கினேன்.

“ச்வேசொங்ஹம்னிதா.” மன்னித்துக்கொள்ளுங்கள். “எங்கள் ஊரில் சிவப்பு நல்லதுக்கு. கறுப்புத்தான் இறந்தவர்களுக்கு. உங்கள் வீட்டுக்கு நல்லது வரவேண்டும் என்று சிவப்பில் எழுதினேன். எனக்குத் தெரியவில்லை.”

ஐந்தும் முடிந்தன. ஆறாவது என்னிடம் இல்லை. குனிந்தபடியே நின்றேன். அவர் வாளியின் பக்கத்தில் குந்தி, பெயரை விரலால் தடவினார். மெதுவாக, எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

“இதைக் கறுப்பிலை எழுதினது ஆர்?”

“நான்.”

“உங்கடை ஊரிலை இது இறந்த ஆக்களுக்கு எண்டீர்?”

“ஓம்.”

“பயமாய் இருக்கேல்லையோ?”

பயம் என்ற சொல் கொரியனில் எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் படித்த சொற்களில் அது ஒன்று. “இருந்தது” என்றேன். “நிறைய.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோட்டுக்குள் பார்த்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தார். அழுவாரோ என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“பப் மொகொஸ்ஸொயோ?”

சாப்பிட்டீர்களா என்பதுதான். கொரியர்கள் சுகம் விசாரிப்பதே அப்படித்தான். சாப்பிடாத நானும் நம்முடைய வழக்கப்படி சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவரும் தங்களுடைய வழக்கப்படி அதை நம்பவில்லை. சோறும் அந்த வாளியிலிருந்தே எடுத்த கிம்ச்சியும் வந்தன. நான் கிண்ணத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சாப்பிட, அவர் அதை மெல்ல வாங்கி மேசையில் திரும்ப வைத்தார். கிண்ணம் மேசையில்தான் இருக்க வேண்டுமாம். கரண்டியைச் சோற்றில் குத்தி நிறுத்தவும் கூடாது, அது இறந்தவருக்குப் படைப்பதுபோல. “வேறை என்ன செய்யக்கூடாது?” என்று கேட்டேன். அன்றைக்கு முதல்தடவையாக அவர் சிரித்தார்.

வியாழக்கிழமை காலை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் நின்றேன். ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பெயரைச் சொன்னேன்.

“இதென்ன பேர்?”

“கொரியாக்காரர், ஐயா. நட்சத்திரம் தெரியாது.”

“கொரியாக்காரருக்கு நட்சத்திரம் இல்லையோ?”

“இருக்கும். எனக்குத்தான் தெரியாது.”

“சரி, பிள்ளையார் தேடிப் பாக்கட்டும்” என்று சொல்லி, அந்தப் பெயரை அவர் நாலு விதமாக உச்சரித்தார். ஒன்றாவது சரியாக இருந்திருக்கும்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. செய்தி கடைக்கு வந்தபோது நான் முள்ளங்கிக் குவியலுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் கவுன்டர் எனக்கு வரவில்லை. மாணவி மார்கழியில் வந்து கடையைப் பார்த்துவிட்டுப் போனாள். சாஜாங்னிம் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். அந்த அன்பு ‘முடிந்தது’ என்று சொல்லும் அன்பு. எனக்கும் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் கொப்பியைத் திறந்தேன். அடிக்கோடு போட்ட மாதம் இன்னும் வரவில்லையே. எண்களைப் படித்தேன். கொரியனில் எண்களுக்கே இரண்டு வகை, பொருளை எண்ணுவதற்கு ஒன்று, திகதிக்கும் விலைக்கும் வேறொன்று. இரண்டையும் கலக்காமல் சொல்ல மூன்று கிழமை எடுத்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை நேரே போய்க் கேட்டேன்.

“சாஜாங்னிம், ஒரு சனிக்கிழமை தாங்கோ. ஒரு நாள். பிழைச்சால் நானாய்ப் பின்னறைக்குப் போறன். பிறகு கேக்க மாட்டன்.”

“சனிக்கிழமைதான் கூட்டம்.”

“தெரியும். அதுதான் கேக்கிறன்.”

“போன் ஓடரும் எடுக்க வேணும்.”

போன். முகம் தெரியாது, கை தெரியாது, சொல் மட்டும். “எடுக்கிறன்” என்றேன்.

அந்தச் சனிக்கிழமை போன் பதினொரு மணிக்கு அடித்தது. “யோபோசேயோ” என்றேன், ஹலோ. எதிர்ப்பக்கம் வேகமாகப் பேசிய ஒரு ஆண்குரல். ஒன்றும் பிடிபடவில்லை. சாஜாங்னிம் கையை நீட்டினார், போனை வாங்க. நான் கொடுக்கவில்லை. “தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள். நான் எழுத வேண்டும்” என்றேன் கொரியனில். பிறகு குரல் நிதானமானது. கொங்நாமுல் மூன்று பை, முளைகட்டிய அவரை அது. தூபு நாலு கட்டி, சோயாப் பாலில் செய்வது. கோவா இரண்டு. மியோக் ஒரு பெரிய பக்கெட், கடற்பாசி. எல்லாவற்றையும் எழுதி, திரும்ப வாசித்தேன். சத்தமாக. கடையில் ஐந்தாறு பேர் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாஜாங்னிமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிறந்தநாளோ?” என்று கடைசியில் கேட்டேன். பிறந்தநாளுக்குக் கடற்பாசிச் சூப் வைப்பார்கள் என்று கிம்ஜாங் பெண்கள் சொல்லியிருந்தார்கள்.

“ஓம், என்ரை பிறந்தநாள். டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னவர். மனுசி விடுறாளில்லை.” பிறகு பெயரைச் சொன்னார், கோயிலில் நான் அர்ச்சனைக்குக் கொடுத்த அதே பெயர். எனக்கு அதை எழுதத் தெரியும் என்றேன். அவர் உரக்கச் சிரித்தார். அவருக்குக் கதை முழுக்கத் தெரிந்திருந்தது.

போனை வைத்ததும் வரிசையில் முதலில் நின்றவர் தன் கூடையை நீட்டினார், இரண்டு கையாலும். நான் வாங்கினேன். சாஜாங்னிம் கவுன்டர்க் கதவைத் திறந்து வெளியே வந்து, பால் அலுமாரியை அடுக்கப் போனார். கடை பூட்டும்வரை அவர் கவுன்டர்ப் பக்கம் வரவில்லை. பூட்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

“மாணவிக்குச் சனிக்கிழமை உதவி மட்டும் எண்டு சொல்லப்போறன்.”

சாஜாங்னிம் சியோலில் இருந்த மூன்று மாதமும் கவுன்டரில் நான்தான் நின்றேன். எத்தனையோ பிழை விட்டேன். ஒரு வயதானவரோடு ‘யோ’ இல்லாமல் பேசிவிட்டதால், அவர் இரண்டு கிழமை கடைக்கு வரவில்லை. தேடிப் போய்க் கூட்டிவந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் “வேறை என்ன செய்யக்கூடாது?” என்று கேட்டு வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடச் சோதனை அன்று கடற்பாசிச் சூப் குடிக்கக்கூடாது, வழுக்கி விழுவார்களாம். காதலருக்குச் சப்பாத்துப் பரிசளிக்கக்கூடாது, போட்டுக்கொண்டு ஓடிவிடுவாராம். யாருக்கும் சொல்ல அலுக்கவில்லை. அப்படிக் கேட்கும் ஆளையே அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை.

சித்திரைக் கடைசியில் சாஜாங்னிம் திரும்பி வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார், ஓடர்ப் புத்தகத்தைப் புரட்டினார், ஒரு எழுத்தில் கோடு கொஞ்சம் நீளம் என்றார். தேநீர் குடித்துவிட்டுக் கப்பைக் கழுவி வைக்கும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

“அடுத்த வருஷம் கோடையிலை ஆறு கிழமை போகலாம் எண்டு நினைக்கிறன். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு.”

“போட்டு வாங்கோ” என்றேன். “ஆனால் திகதியை இப்பவே சொல்லிப் போடுங்கோ. எனக்குப் பயப்பிட நாள் வேணும்.”